உறையூர்க் கலயமும் இன்றைய குப்பியும்



பத்தாண்டு நிறைவு என்பது எந்த அமைப்புக்கும் பெருமையான நாள். வாழ்த்துரைகள் மணக்கின்ற இந்நன்னாளில் கள்ளையும் சாராயத்தையும் பற்றி ஓர் உரை தேவையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளியின் தொன்மையான பகுதி உறையூர். அவ்வூரை உயர்த்திப் பேசும் சங்கப் பாட்டுகளுள் தலையாய ஒன்று, அவ்வூர் அரசனின் பெயரைச் சொல்வதற்கு முன் அவன் நாட்டு உழவர் பருகும் கள்ளைச் சொல்கிறது. அதே உறையூர்ப் பகுதியில்தான் 2015-ஆம் ஆண்டில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய ஒரு பாடகர் கைது செய்யப்பட்டார். ஊர் ஒன்று, பாட்டுகள் இரண்டு, இடையில் ஓடியவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். உழவரின் கள் அரசனுக்குப் புகழாக இருந்த நிலை மாறி, மதுவை எதிர்த்த பாட்டு அரசுக்குக் குற்றமாகத் தோன்றும் நிலை எவ்வாறு வந்தது? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

பிசிராந்தையார் காட்டும் உறையூர்

புறநானூற்றின் 212-ஆம் பாடலைப் பாடியவர் பிசிராந்தையார். அவர் பாண்டிய நாட்டவர். ஆயினும், உம் அரசன் யார் என்று வினவுவோர்க்கு அவர் சுட்டிக் காட்டுவது, கோழி எனப் பெயர் பெற்ற உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனை. நேரில் காணாமலே அம்மன்னனோடு நட்புப் பூண்டவர் அவர். மன்னன் வடக்கிருந்த வேளையில் வந்து சேர்ந்து, அவ்வழியே தம் உயிரையும் நீத்தவர். அத்தகையவர் தம் நண்பனை உலகிற்கு அறிமுகப்படுத்தும் பாட்டில் எதை முதலில் வைக்கிறார் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

அவர் யானைப் படையை வைக்கவில்லை; மதிலையும் வைக்கவில்லை. வயலில் உழைக்கும் களமரை வைக்கிறார். அவர்களுக்கென்று வடித்தெடுத்த, நன்கு விளைந்த கள்ளை வைக்கிறார். வேகவைத்த ஆமை இறைச்சியை வேட்கை தீர உண்டு, சுட்ட ஆரல் மீனைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உழவர்கள் தொழிலை மறந்து விழாக் கொண்டாடும் வளநாடு அது. அந்நாட்டுக்குரியவன் பாணர் சுற்றத்தின் பசிக்குப் பகைவன். பொத்தியார் என்னும் நண்பரோடு நாள்தோறும் வாய்விட்டுச் சிரித்து மகிழ்ந்திருப்பவன். இவ்வளவே பாட்டின் செய்தி.

இங்கே கள் அரசனுடைய கோப்பையில் இல்லை. உழைத்துக் களைத்தவனுடைய கலயத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் இறங்காமல் உணவோடு சேர்ந்து இறங்குகிறது. தனியனாக ஒருவன் பருகவில்லை. உழைத்தவர் எல்லாரும் கூடி விழாவாகப் பருகுகின்றனர். பாட்டின் முடிவில் மிஞ்சுவது வெறியன்று, நட்பின் சிரிப்பு. உழைப்பு, உணவு, கூட்டம், நட்பு ஆகிய நான்கினுள்ளும் அடங்கிநின்ற காரணத்தால்தான் உழவனின் கள் ஓர் அரசனுக்கு அடையாளமாயிற்று என்று கொள்ளலாம்.

ஔவையார் அதியமானை இழந்து பாடிய கையறுநிலைப் பாட்டிலும் இதே முறைமையைக் காணலாம். கள் சிறிதளவே கிடைத்தால் அதனை ஔவைக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் ஔவை உண்டு பாட, எஞ்சியதைத் தான் உண்டு மகிழ்வான். அதியமான் எவ்வளவு குடித்தான் என்பது அங்குச் செய்தியன்று. எவ்வாறு பகிர்ந்தான் என்பதே செய்தி. அவன் மறைந்த பின் நடுகல்லின் முன் சிறு கலத்தில் கள்ளை வார்க்கும்போது, இதனை ஏற்பானோ என்று அப்பெண்பாற் புலவர் கலங்குகிறார். பகிர்ந்தவன் போனபின் கள்ளுக்குப் பொருள் இல்லை.

பெயர்களில் உறையும் தொழில்

சங்கத் தமிழில் குடிவகைகளுக்கு வழங்கிய பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் மற்றோர் உண்மை புலப்படும். தேறல் என்பது தெளிவிக்கப்பட்டது. அரியல் என்பது அரித்து எடுக்கப்பட்டது. பிழி என்பது பிழிந்து கொள்ளப்பட்டது. நறவு நறுமணத்தால் பெற்ற பெயர். மகிழ் என்பது பருகியவர் நெஞ்சில் விளையும் பயனால் பெற்ற பெயர். தோப்பி என்பது நெல்லால் சமைத்த கள். பெயர்களுள் பல ஒரு கைத்தொழிலின் படிகளாகவே அமைந்திருக்கின்றன. செய்யும் கையை அறிந்த மொழிதான் இப்படிப் பெயர் வைக்கும்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைக் காட்டுமிடத்து ஒரு செய்முறையையே தருகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்கி, வாயகன்ற தட்டுப் பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். பாம்புப் புற்றின் உள்ளே இருக்கும் குரும்பி போன்ற தோற்றமுடைய முளையடையை இடித்து அதில் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, இளமை மாறி நன்கு விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர்.

இன்றைய வேதியியல் கொண்டு நோக்கினால் இது பீர் செய்யும் முறையே ஆகும். தானியம் முளைவிடும்போது அதிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. பின்னர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்கவைத்துச் செய்ததைத் தமிழ் வலைஞர் அரிசியையும் முளையையும் கொண்டு செய்தனர். மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளைக் கூறுகிறது. வீட்டிலேயே சமைத்த தோப்பியையும் பெரும்பாணாற்றுப்படை வேறோரிடத்தில் குறிக்கிறது. நிலத்துக்கு ஒரு பொருள், பொருளுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு பெயர் என்றிருந்தது அந்நாளைய வழக்கு.

வெளிநாட்டு மதுவும் அந்நாளில் இருந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்வானாக என்று நக்கீரர் வாழ்த்துகிறார். கடல் கடந்து வந்தது அரசனுக்கு. நிலத்தில் விளைந்தது உழவனுக்கு. இன்றோ கூலி வேலை செய்பவர் அரசுக் கடையில் வாங்குவது ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது’ என்னும் விந்தைப் பெயருடைய சரக்கு. பிராந்தி, விஸ்கி, ரம் எனப் பெயர்கள் வேறுபடினும், பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே நிறமும் மணமும் ஏற்று வருகிறது. குப்பியின் மேலுள்ள பெயரில் செய்த கையும் இல்லை. விளைந்த நிலமும் இல்லை.

வள்ளுவர் வைத்த இடம்

சங்கச் சான்றுகளை மட்டும் காட்டிக் கள்ளுக்குப் பரிந்து பேசுவது நடுநிலையாகாது. தமிழின் மற்றொரு குரலும் தொன்மையானதே. திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. வள்ளுவர் அதனை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையில் வைத்திருப்பது கருதத்தக்கது. கள்ளுண்டல் தனிமனிதனின் ஒழுக்கக் குறை மட்டுமன்று, குடியின் பொருளையும் நாட்டின் நலத்தையும் தொடுவது என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துவதாகக் கொள்ளலாம். அவ்வதிகாரத்தில் அவர் கொண்டுவந்து நிறுத்தும் முகம் ஒரு தாயின் முகம். மகன் எது செய்தாலும் பொறுக்கும் தாய்க்கே களித்தவன் முகம் இனிதாக இராது எனில், சான்றோர்க்கு எவ்வாறு இருக்கும் என்பது அவர் வினா.

மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையில் ஒரு காட்சி. கள்ளுண்டு களித்த ஒருவன், ஆடையற்ற சமணத் துறவி ஒருவரை வழிமறித்துக் கள்ளைப் பருகுமாறு வற்புறுத்துகிறான். தென்னையில் விளைந்த தேறலில் கொலைப்பாவம் எங்கே இருக்கிறது என்பது அவன் வாதம். படிப்போர்க்குச் சிரிப்பு வரும். சற்றே அச்சமும் வரும். உறையூரில் கூடிச் சிரித்த களமர்க்கும், தெருவில் பிறரை வழிமறிக்கும் இக்களிமகனுக்கும் இடையே உள்ள தொலைவுதான் பண்டைத் தமிழர் வரைந்து வைத்த எல்லைக்கோடு. புலவரும் அறவோரும் எதிரெதிர்க் கட்சியினர் அல்லர். பகிர்வைப் பாடியவர் புலவர். பகிர்வு குலைந்தபின் நேர்வதைக் கண்டித்தவர் அறவோர்.

கலயம் குப்பியான வரலாறு

பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவோர்க்கு ஓர் எளிய நுட்பம் தெரியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர் சேர்ந்து புளித்து விளைவது கள். ஒரு விரல் சுண்ணாம்பே இரண்டையும் பிரிக்கிறது. அன்றன்று இறக்கியதை அன்றன்றே பருகியாக வேண்டும். வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். ஆதலின் கள்ளைச் சேர்த்து வைக்கவோ, தொலைதூரம் கொண்டுபோகவோ இயலாது. அளவையும் இடத்தையும் இயற்கையே வரையறுத்திருந்தது.

வடிக்கும் கலை அவ்வரையறையை உடைத்தது. வெல்லத்தோடு வெள்வேலம் பட்டையை ஊறவைத்து வடித்த பட்டைச் சாராயம் ஆண்டுக்கணக்கில் கெடாது. பீப்பாயில் ஏறி எங்கும் போகும். கெடாத பொருளுக்கு வரி விதிப்பது எளிது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் இரண்டையும் அரசின் வருவாய்க் கணக்குக்குள் முறையாகக் கொண்டுவந்தது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர்க்குக் குடிப்பவர் பெருக வேண்டும். அரசுக்கோ ஏலத் தொகை பெருக வேண்டும். களமர்க்கென வடித்த கள், கணக்குப் புத்தகத்தின் வரவுப் பத்தியாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. 1921-இல் பெரியார் தம் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். அம்மறியல் கள்ளுக்கடையின் முன் நடந்தது என்பதை, பழங்கள்ளை நினைந்து ஏங்குவோர் மறந்துவிடலாகாது. சங்கக் கலயத்தின் பெருமை இருபதாம் நூற்றாண்டின் கள்ளுக்கடைக்குத் தானே வந்து சேர்ந்துவிடவில்லை. கூலியைக் கடையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை அப்பெண்கள் அறிந்திருந்தார்கள்.

1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி மதுவிலக்குக்கெனவே ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணைநின்ற கல்கி, திருச்சியில் பள்ளிப் படிப்பை விட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதனால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி பிறந்தது. 1948-இல் மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்கு விரிந்தது.

அதன்பின் வந்தது ஊசலாட்டம். 1971-இல் விலக்கு தளர்ந்தது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் எனப்படும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 1987 முதல் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. 1990-இல் மலிவு விலை மது வந்து, 1991-இல் போயிற்று. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே ஏற்றுக்கொண்டது. 2003-04-இல் 3,600 கோடி ரூபாய் அளவில் இருந்த மது வருவாய், 2023-24-இல் 45,000 கோடியைக் கடந்தது. மதுவை விட்டுவிடுவதற்காகப் பிறந்த விற்பனை வரியும் தொடர்ந்தது. விட்டுவிட்ட மதுவும் திரும்பி வந்தது. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அதில் இறக்கும் கள்ளோ இன்றும் குற்றம். ஆலையில் வடித்த அயற்பெயர்ச் சாராயம் அரசு வாணிபம். பனையேறிகள் கள்ளுக்கு இசைவு கேட்டு நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருவதில் இம்முரண்பாட்டின் வலி இருக்கிறது.

அளவில் நேர்ந்த மாற்றத்தையும் எண்ணால் காண்பது நலம். கள்ளிலுள்ள சாராயச் சத்து நூற்றுக்கு 5 பங்கு அளவினது. கடையில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் அது 42.8 பங்கு. ‘குவார்ட்டர்’ என்று வழங்கும் 180 மில்லி லிட்டர்க் குப்பியில் ஏறத்தாழ 77 மில்லி லிட்டர்ச் சாராயச் சத்து அடங்கியுள்ளது. இதே அளவைக் கள்ளில் பெற ஒன்றரை லிட்டருக்கு மேல் பருக வேண்டும். வலிமை குறைந்த பீரில் பெற வேண்டுமெனில் 650 மில்லி லிட்டர்க் குப்பிகள் இரண்டும் போதா. ஒரு மாலைப்பொழுது முழுவதும் உணவோடும் பேச்சோடும் பரவியிருந்த ஒன்று, கடைவாசலில் நின்றபடி சில நிமிடங்களில் தொண்டைக்குள் இறங்கும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஆமை இறைச்சியும் ஆரல் மீனும் இருந்த இடத்தில் ஓர் ஊறுகாய்ப் பொட்டலம். கையிற்பணம் போதாத இருவர், முன்பின் அறியாதவராயினும், ஒரு குப்பியைப் பாதியாக்கிக் கொள்வதைக் ‘கட்டிங்’ என்கின்றனர். அதியமான் காலத்துப் பகிர்வில் எஞ்சிய துளி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

திருவரங்கத்துக் காப்பி

கலயம் இழந்த மதிப்பு எங்கே போயிற்று என்று தேடுவோர் ஆற்றைக் கடந்து திருவரங்கத்துக்கு வரவேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு அது. ஐப்பசித் திங்களில் காவிரி நீர் பொற்குடத்தில் திருமஞ்சனத்துக்கு வரும் ஊர். சித்திரைத் தேரின்போது திரளும் மக்களுக்கு நீர்மோரும் பானகமும் தருவது இன்றும் அறமாகப் போற்றப்படுகிறது. இவ்வூரின் உத்தரவீதிகளிலும் சித்திரைவீதிகளிலும் விடியற்காலையில் மணப்பது காப்பி.

காப்பி தமிழர்க்குப் புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தபோது, அதனைக் கள்ளுக்கு இணையான கேடு என்று கண்டித்தவர் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் அவ்வரலாற்றைச் சுவையாக விளக்கும். கண்டிக்கப்பட்ட காப்பி எவ்வாறு குடும்பத்தின் பெருமையாயிற்று? கொட்டையை வறுத்தல், அரைத்தல், வடிகட்டியில் இட்டு வெந்நீர் ஊற்றல், முதல் டிகாக்‌ஷனுக்குக் காத்திருத்தல், பாலோடு கலந்து டபராவில் ஆற்றித் தருதல் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கை இருக்கிறது. வந்தவர்க்கு முதலில் நீட்டப்படுவதும் அதுவே. அரித்தலும் தெளிவித்தலும் வார்த்தலும் பகிர்தலுமாகிய பழைய தொழில்கள் அனைத்தும் காப்பிக்குள் குடிபுகுந்தன. தேறலுக்கும் அரியலுக்கும் இருந்த மதிப்பு, பித்தளை வடிகட்டிக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் காப்பியின் மதிப்பிலும் ஒரு கறை உண்டு. எவர் பருகுகின்றனர் என்பதைக் கொண்டே பானத்துக்குத் தகுதி வழங்கப்பட்டது. காப்பி விடுதிகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கிய காலம் இருந்தது. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னையில் கிளர்ச்சி நடத்தினார். 2012-இல் திருவரங்கத்திலேயே ஓர் உணவகத்தின் பெயரில் அச்சொல் இடம்பெற்றதை எதிர்த்துத் திராவிடர் கழகம் போராட நேர்ந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். கள் இழிவானதற்கு அதன் வெறி மட்டும் காரணமன்று. அதனைப் பருகியவர் உழைப்பாளிகள், அதனை இறக்கியவர் மரம் ஏறியவர்கள் என்பதும் காரணம். மாளிகைகளிலும் மன்றங்களிலும் பருகப்பட்ட பிராந்திக்கு அவ்விழிவு ஒருபோதும் ஒட்டியதில்லை. பிசிராந்தையார் களமர் கள்ளை முன்னிறுத்தியதன் பெருமை இங்கேதான் முழுமையாக விளங்கும்.

பாட்டு சிறை புகுந்த ஊர்

2015-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மதுவிலக்குப் போராட்டத்தில் மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடுகையில் உயிர் நீத்தார். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் திருச்சி உறையூர்ப் பகுதியில் கைது செய்யப்பட்டார். அரசே மது விற்பதைச் சாடி அவர் பாடிய பாடல்களுக்காக அரசத் துரோகப் பிரிவும் அவர்மீது சுமத்தப்பட்டது. நவம்பரில் அவர் பிணையில் வெளிவந்தார். அப்பாடல்களின் நயங்களையும் குறைகளையும் இலக்கியவாணர் வேறு வேறாக மதிப்பிடலாம். ஆயினும், களமரின் கலயத்தைப் பாடிப் புகழ்பெற்ற உறையூரில், களமரின் குப்பியைப் பாடியதற்காக ஒருவர் சிறைக்குப் போக நேர்ந்தது என்னும் உண்மை எந்தக் கவிஞர் நெஞ்சையும் உறுத்தாமல் விடாது.

மூடுவதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்வதற்கும் இடமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதிலிருந்தது மெத்தனால். உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வையையும் பின்னர் உயிரையும் பறிக்கும் நஞ்சு அது. அரசுக் கடையின் விலையும் எட்டாத ஏழையரே அதனைப் பருகினர். இறந்தவர்களுள் பெண்களும் இருந்தனர். கடை இருந்தாலும் சாவு. கடைக்கு வெளியே சென்றாலும் சாவு என்னும் நிலையில் உழைப்பவரை நிறுத்திய காலம் இது. ஒரு காலத்துக் களமர் பசியாறிச் சிரித்த செய்தி பாட்டாயிற்று. இக்காலத்துக் களமர் மாண்ட செய்தி நாளிதழின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாமா?

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

இக்காலக் கவிதைகளிலும் மது நிறைந்து வழிகிறது. கோப்பையும் நிலவும் தனிமையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. தம் குடிப்பழக்கத்தை ஒளிக்காமல் எழுதியவர் கண்ணதாசன். பின்வந்தோர் பலர் அவரிடமிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டனர். தம்மைத் தாமே கூண்டில் நிறுத்தி வினவிய அவருடைய நேர்மையை விட்டுவிட்டனர். குடிக்கும் ஆணின் துயரம் கவிதையாகிறது. அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருப்பவளின் துயரம் அவ்வளவு எளிதாகக் கவிதையாவதில்லை.

தமிழில் குடி என்னும் சொல்லே குடிப்பதையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், குடிமக்களையும் குறிக்கும். குடி குடியைக் கெடுக்கும் என்று குப்பியின் மேல் அச்சிட்டு விற்றபோது அச்சொற்பொருத்தம் வெறும் எச்சரிக்கையாகச் சுருங்கிப்போயிற்று. மூன்று பொருளையும் ஒருசேர நெஞ்சில் நிறுத்தி எழுதுவது எச்சரிக்கைப் பலகையால் ஆகாது, கவிதையால் ஆகும்.

மீண்டும் பிசிராந்தையாரின் பாட்டுக்கே திரும்புதல் தகும். களமர்க்காகக் கள் வடிக்கப்பட்டது என்று அவர் சொல்கிறார். வடித்தவர் யார் என்று சொல்லவில்லை. களமரைக் கண்டார், அரசனைக் கண்டார், பொத்தியாரைக் கண்டார். கலயத்தின் மேல் குனிந்து, நாரால் அரித்து, கசடு நீக்கி, உழைத்து வந்தவர்க்கு நீட்டிய அந்தக் கை மட்டும் பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. அது பெண்ணின் கையா, வேறொருவர் கையா என்று அறிய வழியில்லை. இன்றைய கவிதைகளிலும் அக்கை வெளியேதான் நிற்கிறது. விடியற்காலையில் திருவரங்கத்து வீட்டில் காப்பி வடிக்கும் கையும் அதுவே. உறையூர்த் தெருவில் இரவு வெகுநேரம் கழித்துக் கதவின் தாழ் திறக்கும் கையும் அதுவே. கணவனின் சட்டைப் பையில் எஞ்சிய சில்லறையை எண்ணிப் பார்த்து, மறுநாள் அரிசிக்குப் போதுமா என்று கணக்கிடும் கையும் அதுவே.

கள்ளைப் பாடலாமா கூடாதா என்பது பழைய வழக்கு. அதனை வள்ளுவரும் சங்கப் புலவரும் தத்தம் முறையில் பேசிவிட்டனர். பேசப்படாமல் எஞ்சியிருப்பது அந்தக் கையின் கதை. இவ்வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ பொருள்களைப் பாட்டாக்கியிருக்கிறது. அடுத்த பத்தாண்டில் மலரும் கவிதைகளுள் ஒன்றேனும் வடித்தவர் யார் என்னும் வினாவுக்கு விடையாக அமையுமானால், உறையூர்க்குப் பிசிராந்தையார் தந்த பெருமை முழுமை பெறும்.

வட்டம் வளர்க! கவிதை வாழ்க!